சுவர் இருந்தால் சித்திரம்: பினாங்கு நகரம் தரும் பாடம்



நம்மில் பினாங்குக்குப் போகாதவர் வெகு சிலரே. சரக்கெடுக்கப் போகிறோம், பாக்கி வசூலிக்கப் போகிறோம், உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகிறோம். போன காரியம் முடிந்ததும் ஒரு தட்டு நாசி கண்டார் சாப்பிட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுகிறோம். ஜார்ஜ் டவுன் நகரைப் பார்த்ததுண்டா என்று யாரேனும் கேட்டால், "எத்தனையோ தடவை" என்று பதில் சொல்வோம். உண்மையில் நாம் பார்த்தது கடைகளையே அன்றி நகரத்தை அல்ல.

இதற்கு மாறாக, பல தேசங்களிலிருந்து உல்லாசப் பிரயாணிகள் அதே தெருக்களுக்கு வருகிறார்கள். சுவரில் எழுதிய சித்திரங்களுக்கு முன்னால் வரிசையில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அவர்கள் பார்ப்பது சித்திரத்தை. அது எழுதப்பட்டிருக்கும் சுவர் யாருடையது, அந்தச் சுவருக்குள் யார் வாழ்ந்தார்கள், என்ன தொழில் செய்தார்கள் என்பதைப் பெரும்பாலோர் கேட்பதில்லை.

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பது நம் நாட்டுப் பழமொழி. ஒரு பழைய நகரத்தைப் படிக்க விரும்புவோருக்கு இதைவிடச் சிறந்த வழிகாட்டி இல்லை. நகரம் என்பது கட்டடம், கலை, வழக்கம் ஆகிய மூன்றும் சேர்ந்தது. கட்டடம் நிற்க முதல் வேண்டும். வழக்கம் நிற்க ஆள் வேண்டும். இவ்விரண்டும் இருந்தால்தான் கலைக்குப் பொருள் உண்டு. இதை மனத்தில் வைத்துக்கொண்டு, துறைமுகத்தில் தொடங்கி ஆர்மீனியன் தெரு வரை ஒரு முறை நடந்து பார்ப்போம். அரை நாள் போதும்.

1. வியாபாரத்துக்காகப் பிறந்த ஊர்

1786-ஆம் ஆண்டு ஜூலை 17-ந் தேதி பிரான்சிஸ் லைட் என்னும் ஆங்கிலேயர் இத்தீவில் இறங்கினார். ஆகஸ்டு 11-ந் தேதி கிழக்கிந்தியக் கும்பினியின் பெயரால் அதைக் கைப்பற்றிக் கொடியேற்றினார். மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் பெயரால் ஊருக்கு ஜார்ஜ் டவுன் என்று பெயரிடப்பட்டது. தீர்வையில்லாத் துறைமுகம் என்ற காரணத்தால் நாலா திசைகளிலிருந்தும் கப்பல்கள் வந்தன. சீனர், அரபிகள், ஆச்சே நாட்டார், பர்மியர், ஆர்மீனியர் எனப் பலரும் வந்து குடியேறினர்.

நம்மவர்களும் முதல் வரிசையிலேயே வந்தார்கள். கெடா நாட்டுத் துறைமுகங்களில் முன்பே வியாபாரம் செய்து பழகியவர்கள் அவர்கள். சோழமண்டலக் கரையிலிருந்து வந்த மரைக்காயர்களையும் மற்றவர்களையும் அக்காலத்தில் சூலியாக்கள் என்று அழைத்தனர். 1794-ஆம் ஆண்டில் லைட் துரை அனுப்பிய அறிக்கை ஒன்றில் அவர்களைப் பற்றிய குறிப்பு இருக்கிறது. ஊரில் ஏறக்குறைய 1,000 சூலியாக்கள் குடியிருந்தார்கள். இவர்களைத் தவிர ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 பேர் வரை கப்பலில் வந்து, வியாபாரத்தாலும் உடலுழைப்பாலும் சிறிது பொருள் சேர்த்துக்கொண்டு ஊர் திரும்பினார்கள். அவர்கள் போனதும் வேறு ஆட்கள் வந்தார்கள் என்பது அதன் சாரம்.

சபுராளி வாழ்க்கை என்று நம் பெரியவர்கள் சொன்னது இதைத்தான். இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக நம் குடும்பங்களில் நடந்துவந்த போக்குவரத்து, அந்நகரத்தின் எட்டாவது வயதிலேயே ஏட்டில் ஏறிவிட்டது என்பதை நாம் அறிந்திருக்க வேண்டும்.

2. கோட்டையும் மணிக்கூண்டும்

துறைமுகத்தை ஒட்டி நிற்பது கார்ன்வாலிஸ் கோட்டை. முதலில் நிபோங் மரத்தூண்களை நட்டு வேலியடைத்த கோட்டையாக இருந்து, பின்னர் செங்கல்லால் கட்டப்பட்டது. அங்கே 1603 என்று ஆண்டு பொறித்த ஸ்ரீ ரம்பை என்னும் டச்சுப் பீரங்கி இருக்கிறது. பிள்ளைப்பேறு வேண்டுவோர் அதற்குப் பூ வைக்கும் பழக்கம் ஒரு காலத்தில் இருந்தது. யுத்தக் கருவி ஒன்றை மக்கள் தங்கள் வீட்டு ஆசைகளுக்கு எப்படி உரியதாக்கிக்கொண்டார்கள் என்பதற்கு இது ஓர் உதாரணம்.

அக்கோட்டையில் லைட் துரையின் வெண்கலச் சிலையும் இருக்கிறது. நகரம் நிறுவப்பட்டு 150 ஆண்டு நிறைந்ததை முன்னிட்டு 1936-ல் அமைக்கப்பட்டது; வடித்தவர் வில்காக்ஸன் என்னும் ஆங்கிலச் சிற்பி. இதில் ஒரு விசேஷம் உண்டு. லைட் துரையின் உருவப்படம் ஒன்றும் கிடைக்காதபடியால், அவருடைய மகன் வில்லியம் லைட்டின் சாயலைக்கொண்டு முகத்தைச் செய்தார்கள் என்று சொல்லப்படுகிறது. நகரத்தை நிறுவியவருக்கே முகம் கிடைக்கவில்லை என்றால் மற்றவர்களைப் பற்றிக் கேட்பானேன்? நம் கடையை முதலில் திறந்த பாட்டனாரின் படம் நம் வீட்டில் இருக்கிறதா என்று ஒவ்வொருவரும் யோசிப்பது நல்லது.

கோட்டைக்கு அருகே, லைட் தெருவும் பீச் தெருவும் சந்திக்கும் முனையில் வெள்ளை மணிக்கூண்டு நிற்கிறது. விக்டோரியா மகாராணி பட்டத்துக்கு வந்து 60 ஆண்டு நிறைந்ததன் ஞாபகார்த்தமாக எழுந்தது. ஆண்டுக்கு ஓர் அடியாக அதன் உயரம் 60 அடி. 1897-ல் தொடங்கி 1902-ல் கட்டி முடித்தபோது மகாராணி உயிரோடு இல்லை. முந்திய ஆண்டே காலமாகிவிட்டார். இரண்டாவது மகா யுத்தத்தில் அருகே விழுந்த குண்டின் அதிர்ச்சியால் கூண்டு சற்றுச் சாய்ந்தும் இருக்கிறது.

இதைச் சர்க்கார் கட்டியது என்றே பலரும் நினைப்பார்கள். அல்ல, சியா சென் இயோக் என்னும் சீன வியாபாரி 35,000 வெள்ளி தந்து கட்டியது. ஊரின் நடுமுகத்தில் நிற்கும் அடையாளம் ஒரு வியாபாரியின் கைப்பொருளால் எழுந்தது. இதே செய்தியை வேறு விதத்தில் சொல்லும் இடம் ஒன்று கால் மணி நேர நடையில் இருக்கிறது.

3. பதினெட்டு ஏக்கரின் வரலாறு

பீச் தெருவில் தெற்கே நடந்து சூலியா தெருவில் திரும்ப வேண்டும். ஆரம்பத்தில் மலபார் தெரு என்று அழைக்கப்பட்ட தெரு இதுதான். தெருவின் பெயரே நம் முன்னோர்களின் விலாசம்.

அக்காலத்தில் ஒவ்வொரு சமூகத்துக்கும் ஒரு தலைவரைக் கும்பினியார் நியமித்தனர். அவருக்குக் கப்பித்தான் என்று பட்டம். நம்மவர்களின் கப்பித்தானாக இருந்தவர் பரங்கிப்பேட்டையைச் சேர்ந்த காதர் முகைதீன் என்னும் கப்பல் வியாபாரி. 1801-ஆம் ஆண்டில் அப்போதைய துணை கவர்னர் ஜார்ஜ் லீத், பள்ளிவாசல் கட்டுவதற்காகச் சூலியா தெருவை ஒட்டி 18 ஏக்கர் நிலம் வழங்கினார். காதர் முகைதீனின் முயற்சியால் அங்கே பள்ளிவாசல் எழுந்தது. அதுவே இன்று கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் என்று பெயர்பெற்று நிற்கிறது. கிளிங் என்ற சொல் கலிங்க நாட்டின் பெயரிலிருந்து வந்தது என்பர். அக்காலத்தில் அது தென்னிந்தியரைக் குறித்த சாதாரணச் சொல். பிற்காலத்தில் மனம் நோகச் செய்யும் சொல்லாக மாறினாலும், பள்ளிவாசலின் பெயரில் அது நிலைத்துவிட்டது.

இப்போது நாம் காணும் கும்மட்டங்களும் உயர்ந்த மினாராவும் முதலில் கட்டியவை அல்ல. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நியூப்ரோனர் என்னும் கட்டடக் கலைஞர் மொகலாயர் பாணியில் விரிவாக்கிக் கட்டியவை. இவற்றைப் பார்த்து வியப்பது எளிது. வியாபாரி கேட்க வேண்டிய கேள்வி வேறு. இருநூறு ஆண்டுக்கு மேல் இந்தக் கட்டடத்துக்குச் சுண்ணாம்பும் எண்ணெயும் சம்பளமும் எங்கிருந்து வந்தன?

விடை அந்த 18 ஏக்கரில் இருக்கிறது. கட்டடத்துக்கு வேண்டிய மனை மட்டுமே கிடைத்திருந்தால் பள்ளிவாசல் காலத்துக்குக் காலம் வசூலை நம்பியே இருந்திருக்கும். சுற்றிலும் நிலம் இருந்தபடியால் குடியிருப்பும் கடைகளும் வந்தன, வாடகை வந்தது. வக்ஃபு என்பதன் சூட்சுமம் இதுவே. முதலைத் தொடாமல் வருமானத்தைக்கொண்டு தருமத்தை நடத்துவது. நம் பேரேட்டுக் கணக்கில் சொல்வதானால், முதல் ஒரு பக்கத்திலும் லாபம் மறுபக்கத்திலும் நிற்க வேண்டும். ஒன்று மற்றதைத் தின்றுவிடக் கூடாது.

ஆனால் நிலம் இருந்தால் மட்டும் போதவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்நிலத்தில் ஒழுங்கற்ற குடிசைகள் நெருங்கின. ஒரு பகுதி தெருக்களுக்குப் போயிற்று. நிர்வாகத்தில் பிணக்குகள் எழுந்தன. கடைசியில் சர்க்கார் தலையிட்டு, முகமதிய, இந்து தர்மச் சொத்துகளை நிர்வகிக்க 1905-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றி, அதன்படி வாரியம் அமைத்தது. நிலம் சீர்செய்யப்பட்டது, வரிசையாகக் கடைவீடுகள் எழுந்தன. பிற்காலத்தில் இப்பொறுப்பு மாநில இஸ்லாமிய சமய மன்றத்திடம் சென்றது. நாம் கவனிக்க வேண்டியது இது: கணக்கும் தஸ்தாவேஜும் ஒழுங்காக இல்லாத இடத்தில், கொடுத்தவரின் எண்ணம் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், நிர்வாகம் பிறர் கைக்குப் போய்விடுகிறது.

4. ஒரே தெருவில் நான்கு சமயங்கள்

பள்ளிவாசலுக்கு முன்னால் ஓடும் தெருவை முன்பு பிட் தெரு என்றார்கள். இன்று பள்ளிவாசலின் பெயரே தெருவின் பெயர். அதில் வடக்கே நடந்தால் சீனர்களின் குவான் யின் கோயில் வருகிறது. அதற்கப்பால் 1818-ல் கட்டி முடித்த செயிண்ட் ஜார்ஜ் மாதா கோயில். இடையே பக்கத்துத் தெருவான குயீன் தெருவில், 1833-ல் எழுந்த மகா மாரியம்மன் கோயில். நாலு சமயத்தாரும் கூப்பிடு தூரத்தில். நல்லிணக்கத் தெரு என்று இதற்கு இப்போது பெயர் சூட்டியிருக்கிறார்கள். அக்காலத்தார் பெயர் சூட்டவில்லை. ஒருவர் கடையில் மற்றவர் சரக்கு வாங்கினார்கள், அவ்வளவுதான். ஒருவருக்கொருவர் கடன் கொடுக்கும் அளவுக்கு நம்பிக்கை இருந்தது என்பதே அந்த இணக்கத்தின் அடிப்படை.

சூலியா தெருவும் கிங் தெருவும் சந்திக்கும் மூலையில் நாகூர் தர்கா இருக்கிறது. நாகூரில் அடங்கியிருக்கும் சாகுல் ஹமீது வலியுல்லாஹ் அவர்களின் ஞாபகமாக, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நம்மவர் எழுப்பியது. கடல் கடந்து போகிறவர்கள் பாதுகாப்பான பிரயாணத்துக்காக நாகூரை நினைத்தார்கள். போய்ச் சேர்ந்த இடத்திலும் அந்நினைவைக் கட்டடமாக வைத்தார்கள். சிங்கப்பூரில் தெலுக் ஆயர் தெருவில் 1828-க்கும் 1830-க்கும் இடையே எழுந்த தர்காவும் அதே வழியில் வந்தது. பினாங்குத் தர்காவின் வெளிச்சுவரில் சின்னஞ்சிறு கடைகள் பொருந்தியிருப்பதைக் கவனியுங்கள். தலைமுறை தலைமுறையாகச் சொங்கோக் தொப்பி தைத்தவர்கள் இங்கே இருந்தார்கள். நினைவிடமும் பிழைப்பும் ஒரே சுவரைப் பங்கிட்டுக்கொண்டன.

தெற்கே கொஞ்சம் நடந்தால் அச்சே தெரு. ஆச்சே நாட்டிலிருந்து வந்த அரபு வம்சத்து வியாபாரி செய்யித் ஹுசைன் 1808-ல் கட்டிய பள்ளிவாசல் அங்கே இருக்கிறது. எண்கோண மினாராவின் நடுவே ஒரு வட்டத் துவாரம் தெரியும். 1867-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பத்து நாள் நடந்த கலகத்தில் பீரங்கிக் குண்டு பட்டது என்று ஊரார் சொல்வர். சீனரின் இரு ரகசியச் சங்கங்களும், வெள்ளைக் கொடி, சிவப்புக் கொடி என்ற முஸ்லிம் கூட்டங்களும் கைகோத்து எதிரெதிராக நின்ற கலகம் அது. ஆகவே இத்தெருக்களில் எப்போதும் இணக்கமே நிலவியது என்று எண்ணிவிட வேண்டாம். சண்டையும் நடந்தது, அதற்குப் பிறகு மறுபடியும் கடை திறந்தார்கள்.

இதே அச்சே தெரு ஹஜ்ஜுப் பிரயாணிகளின் தெருவாகவும் இருந்தது. வடக்கு மாநிலங்களிலிருந்தும் சுமத்திராவிலிருந்தும் ஹாஜிமார்கள் இங்கே வந்து தங்கிக் கப்பலேறினார்கள். பிரயாணச் சீட்டு, துணிமணி, பெட்டி, பண்டம் எனப் பல வியாபாரங்கள் அவர்களைச் சுற்றி நடந்தன. 1970-களில் கப்பல் போய் விமானம் வந்தது. அந்த வியாபாரமும் போயிற்று. கட்டடங்கள் மட்டும் நின்றன.

5. இரும்பும் வண்ணமும்

அச்சே தெருவுக்கு அடுத்ததே ஆர்மீனியன் தெரு. இங்கேதான் கூட்டம் கூடுகிறது.

2008-ஆம் ஆண்டு ஜூலை 7-ந் தேதி ஜார்ஜ் டவுனும் மலாக்காவும் சேர்ந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. ஜார்ஜ் டவுனில் மட்டும், சுற்றுப் பாதுகாப்புப் பகுதியையும் சேர்த்து, 259 ஹெக்டேர் நிலப்பரப்பு இதில் அடங்கும். அதை அடுத்து, தெருக்களின் கதையைக் கலையின் மூலம் சொல்ல மாநில அரசாங்கம் ஒரு போட்டி நடத்தியது. வென்ற குழுவினர் கறுப்பு இரும்புக் கம்பியை வளைத்து, பத்திரிகைக் கேலிச்சித்திரம் போன்ற 52 உருவங்களைச் செய்து சுவர்களில் பொருத்தினார்கள். கயிறு திரித்த தெருவில் கயிறு திரிப்பவர். பீரங்கித் தெருவில் குண்டு துளைத்த ஓட்டை. மூங்கிலைத் தட்டி ஒலியெழுப்பி மீ விற்றவர். ஒவ்வொன்றும் அந்தந்தத் தெருவின் பழைய தொழிலையோ சம்பவத்தையோ சிரித்துக்கொண்டே சொல்கிறது.

2012-ல் ஜார்ஜ் டவுன் விழாவுக்காக எர்னஸ்ட் சாக்கரெவிச் என்னும் லித்துவேனிய இளைஞர் சுவர்ச் சித்திரங்கள் எழுதினார். அவற்றுள் மிகவும் பிரசித்தமானது, ஆர்மீனியன் தெருவில் ஓர் அக்காளும் தம்பியும் சைக்கிளில் போகும் சித்திரம். பிள்ளைகள் சுவரில் எழுதியவர்கள். சைக்கிளோ நிஜமான பழைய சைக்கிள், சுவரோடு சேர்த்துப் பொருத்தியது. பார்ப்பவர் பின்னால் போய் நின்றால் தாமும் அதில் ஏறியது போலப் படம் எடுத்துக்கொள்ளலாம். இந்த ஒரு யுக்தியால் சித்திரம் உலகமெங்கும் தெரிந்துவிட்டது.

வண்ணச் சித்திரத்துக்கு ஆயுள் குறைவு. வெயிலும் மழையும் பட்டுச் சாயம் உரிகிறது; பழைய சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை மூச்சு விடும்போது வண்ணத்தையும் தள்ளிவிடுகிறது. இதைக் குறை என்று சொல்ல வேண்டியதில்லை. தெருவுக்கு வெளிச்சம் தந்துவிட்டுப் போவதே அதன் வேலை. ஆனால் ஒன்று சிந்திக்கத்தக்கது. கயிறு திரிப்பவரின் உருவம் சுவரில் இருக்கிறது. கயிறு திரிப்பவர் எங்கே?

6. சுவர் மிஞ்சியது, ஆள் போனது ஏன்?

இதற்கு விடை சொல்ல வாடகைக் கணக்கைப் பார்க்க வேண்டும். இது நம் யாவருக்கும் நன்கு விளங்கும் கணக்கு.

மகா யுத்தத்துக்குப் பிறகு வீட்டுப் பஞ்சம் ஏற்பட்டது. வாடகை ஏறாமலிருக்கக் கட்டுப்பாடு வந்தது. 1966-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, 1948-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்துக்கு முன் கட்டிய கட்டடங்களின் வாடகையை உரிமையாளர் தம் இஷ்டப்படி உயர்த்த முடியாது; குடியிருப்பவரை எளிதில் எழுப்பவும் முடியாது. ஜார்ஜ் டவுனின் பழைய பகுதி முழுவதும் ஏறக்குறைய இப்படிப்பட்ட கட்டடங்களே. ஆகவே கூடை முடைபவர், பெயர்ப்பலகை செதுக்குபவர், தையற்காரர், மளிகைக்காரர் என யாவரும் சொற்ப வாடகையில் தொழில் நடத்தினார்கள். கீழே கடை, மேலே குடும்பம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. வருமானம் இல்லாத சொத்தை எந்த உரிமையாளர் பழுதுபார்ப்பார்? கூரை ஒழுகியது, உத்திரம் உளுத்தது. 1969-ல் தீர்வையில்லாத் துறைமுக அந்தஸ்தும் எடுக்கப்பட்டதும் துறைமுகத்தை நம்பிய வியாபாரங்கள் சுருங்கின. நகரம் மெல்ல மெல்ல உறங்கியது.

1997-ல் அச்சட்டத்தை நீக்க நாடாளுமன்றம் முடிவு செய்தது. 2000-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியோடு கட்டுப்பாடு முடிந்தது. வாடகை பன்மடங்கு ஏறியது. சொற்ப வாடகையை நம்பி வாழ்ந்த அநேகக் குடும்பங்கள் நகரத்தின் உள்பகுதியைவிட்டு வெளியேறின. 2008-ல் உலகப் பாரம்பரியப் பட்டம் வந்தபின் பழைய கடைவீடுகளுக்குக் கிராக்கி கூடியது. பல கடைவீடுகள் சிறு ஹோட்டல்களாகவும் காப்பிக் கடைகளாகவும் மாறின. அவை அழகாகப் பழுதுபார்க்கப்பட்டன என்பதும் உண்மை. இரவில் அங்கே உறங்குபவர் அத்தெருவாசி அல்லர் என்பதும் உண்மை.

ஆக, பாடம் இருபுறமும் வெட்டும் கத்தி. வாடகை மிகக் குறைந்தால் கட்டடம் விழும். வாடகை மிக உயர்ந்தால் ஆள் போவார். இவ்விரண்டுக்கும் நடுவே நியாயமான ஓர் அளவைக் கண்டுபிடிப்பதுதான் பாரம்பரியத்தைக் காப்பாற்றுவது என்பதன் உண்மையான பொருள். வக்ஃபுச் சொத்து உள்ள நம்மவர்களுக்கு இக்கேள்வி இன்னும் கூர்மையானது. பள்ளிவாசலுக்கு வருமானம் வேண்டும். அதே சமயம் அந்தக் கடையில் இருப்பவர் பெரும்பாலும் அதே பள்ளிவாசலுக்கு ஐந்து வேளையும் வருபவர். அவரை எழுப்பிவிட்டு அதிக வாடகை வாங்கினால் கணக்கில் லாபம். சஃப்பில் ஓர் ஆள் குறைவு. எதை எதற்கு ஈடாக வைப்பது என்பதைச் சட்டம் சொல்லாது. ஜமாஅத்தார் உட்கார்ந்து பேசித்தான் தீர்மானிக்க வேண்டும்.

7. வழக்கம் என்னும் இருப்புச் சரக்கு

கட்டடத்தையும் சித்திரத்தையும் பார்த்தோம். மூன்றாவது வழக்கம். இதற்குச் சுவர் வேண்டாம். ஆனால் தினந்தோறும் செய்பவர் வேண்டும்.

நாசி கண்டாரையே எடுத்துக்கொள்வோம். கண்டார் என்றால் மலாயில் தோளில் தண்டு வைத்துச் சுமப்பது. ஒரு பக்கம் சோறு, மறுபக்கம் குழம்புச் சட்டிகள். இப்படிக் காவடியாகச் சுமந்து, துறைமுகத் தொழிலாளருக்கும் தொங்கான் படகுக்காரருக்கும் காலைச் சாப்பாடு விற்றவர்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்த நம்மவர்கள். தண்டு போய்த் தள்ளுவண்டி வந்தது. வண்டி போய்க் கடை வந்தது. பெயர் மட்டும் அந்தத் தோளை இன்னும் மறக்கவில்லை. பல குழம்புகளைச் சோற்றின்மேல் கலந்து ஊற்றும் கைப்பக்குவமும் மறையவில்லை. காரணம், அதை உண்ண ஆள் இருக்கிறார்கள். எல்லா இனத்தாரும் உண்கிறார்கள். 2024-ஆம் ஆண்டு டிசம்பரில் நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரிக் ஆகியவை அடங்கிய மலேசியக் காலை உணவுப் பண்பாட்டையும் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. ரொட்டி வீசுவதிலும் தேநீர் இழுப்பதிலும் நம்மவர் கை எவ்வளவு என்பதை யாரும் சொல்லத் தேவையில்லை.

போரியா என்னும் ஆட்டபாட்டத்தையும் சொல்லலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்து வந்த படைவீரர்களோடு முஹர்ரம் வழக்கமாகப் பினாங்குக்கு வந்தது என்பர். காலப்போக்கில் சமய வாசனை நீங்கி, தலைவர் ஓர் அடி பாட மற்றவர் திருப்பிப் பாடும் மலாய்க் கலையாக மாறியது. தைப்பூசத்தில் வீதிவலம் வரும் வெள்ளி ரதமோ, நகரத்தார் 1894-ல் தமிழ்நாட்டிலிருந்து தருவித்தது. ஒவ்வொன்றும் எங்கிருந்தோ வந்து இம்மண்ணில் வேரூன்றியவை.

பழைய சரக்கு எது விற்கும், எது தேங்கும் என்பது வியாபாரிக்குத் தெரியும். கயிறு திரிக்கும் தொழில் இயந்திரத்துக்குத் தோற்றது. ஹஜ்ஜுக் கப்பல் விமானத்துக்குத் தோற்றது. இவற்றை நிறுத்தி வைக்க யாராலும் இயலாது. ஆனால் வாங்குபவர் இருக்கும்போதே, வாடகையாலும் வாரிசு இல்லாமையாலும் மட்டும் சாகின்ற தொழில்கள் உண்டு. காப்பாற்ற வேண்டியவை அவையே. இரண்டையும் பிரித்தறிவதற்கு உல்லாசப் பிரயாணியால் முடியாது. வியாபாரியால் முடியும்.

8. நாம் செய்யத்தக்கவை

படித்ததைப் பெட்டியில் பூட்டி வைப்பதால் பயனில்லை. ஆகவே நம்மால் இயன்ற சில காரியங்கள்:

(1) அடுத்த தடவை பினாங்கு போகும்போது பிள்ளைகளை உடன் அழைத்துச் செல்லுங்கள். சைக்கிள் சித்திரத்தின்முன் படம் எடுக்கட்டும், தடுக்க வேண்டாம். எடுத்த பிறகு, இந்தத் தெருவுக்கு ஏன் இந்தப் பெயர் என்று அவர்களையே கேளுங்கள்.

(2) உங்கள் கடையின் சரித்திரத்தை இரண்டு பக்கத்தில் எழுதி வையுங்கள். எந்த ஆண்டு, எந்தத் தெரு, யார் தொடங்கினார், எந்த ஊரிலிருந்து வந்தார், என்ன சரக்கு, பக்கத்துக் கடைக்காரர் யார்? பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

(3) பழைய பற்றுவரவு ஏடுகள், வாடகைச் சீட்டுகள், பெயர்ப்பலகைகள், கப்பல் சீட்டுகள், பெட்டியடியில் பாட்டனார் அமர்ந்திருக்கும் படங்கள் ஆகியவற்றைக் குப்பை என்று எறியாதீர்கள். லைட் துரையின் சிலைக்கு நேர்ந்தது நினைவிருக்கட்டும்.

(4) வக்ஃபு நிர்வாகத்திலோ, சங்க நிர்வாகத்திலோ பொறுப்பில் இருப்பவர்கள், நிலப் பத்திரமும் கணக்கும் பிரதி எடுத்து இரண்டு இடங்களில் வைக்கப்பட்டிருக்கின்றனவா என்று இவ்வாண்டே பாருங்கள்.

(5) சொந்தக் கட்டடம் உள்ளவர்கள், நெடுநாள் குடியிருக்கும் தொழிலாளியின் வாடகையை உயர்த்துமுன் அவரை உட்கார வைத்துப் பேசுங்கள். பழுதுபார்க்கும் செலவுக்கு எவ்வளவு வேண்டும், அவரால் எவ்வளவு இயலும் என்று இருவருமாகக் கணக்குப் போடுங்கள்.

வாலிபர் வகுப்பில் இக்கட்டுரையைப் படிப்பவர்கள் கீழ்க்கண்ட கேள்விகளை எடுத்துப் பேசலாம்:

மணிக்கூண்டு தந்த வியாபாரியின் கொடைக்கும், 18 ஏக்கர் வக்ஃபு நிலத்துக்கும் உள்ள வேற்றுமை என்ன? இவற்றுள் எது தன்னைத் தானே காத்துக்கொள்ளும்?

வாடகைக் கட்டுப்பாடு இருந்த காலத்தில் நஷ்டப்பட்டவர் யார்? நீங்கியபின் நஷ்டப்பட்டவர் யார்?

நம் தெருவில் ஒரு சுவர்ச் சித்திரம் எழுதச் சொன்னால் எந்தத் தொழிலை எழுதச் சொல்வீர்கள்? அத்தொழிலைச் செய்பவர் இன்னும் இருக்கிறாரா?

கடைசிக் கேள்விக்கு "இருக்கிறார்" என்று பதில் வந்தால், சித்திரக்காரரைத் தேடுமுன் அவரிடம் போய்ச் சரக்கு வாங்குங்கள்.